பட்டு பார்க்கப் போனேன்... தேனீ பிடிச்சுக்கிச்சு!

'ஆரணிப் பக்கம் போய் ஒரு பட்டுச் சேலை கதை பிடிச்சுட்டு வா'ன்னுதான் என்னை அனுப்பினாங்க. நானும் நோட்டு, பேனா, நண்பனோட கேமரா எல்லாத்தையும் பையில போட்டுக்கிட்டு வேலூர்ல திருவண்ணாமலை பஸ் ஏறினேன். ஏறின நாள்தான் தப்பு. 2025 ஆகஸ்ட் 15... சுதந்திர தினம் மட்டுமில்லீங்க, ஆடி மாசத்தோட கடைசி வெள்ளிக்கிழமை! பஸ் முழுக்க மஞ்சள் புடவை, கையில வேப்பிலை, மடியில பச்சைக் குழந்தை. எல்லாரும் படவேடு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போற கூட்டம். கண்ணமங்கலம் வரைக்கும் ஒத்தைக் கால்லதான் நின்னேன்.

கண்ணமங்கலத்தைத் தாண்டி, போளூருக்கு முன்னாடி வருது சந்தவாசல். 'படவேடு போறவங்க எல்லாம் இறங்கு!'ன்னு கண்டக்டர் குரல் கொடுக்க, பாதி பஸ் காலி. மேற்கே பார்த்தா ஜவ்வாது மலை நீலமா சுவர் மாதிரி நிக்குது. கீழே பூக்கடை, டீக்கடை, வரிசை கட்டின ஷேர் ஆட்டோ. மத்த நாள்ல இது அமைதியான ஊராம். சந்துக்குள்ள நுழைஞ்சா தறிச் சத்தம் மட்டும்தான் கேட்குமாம். அன்னைக்கு எங்கே கேட்குறது? ஸ்பீக்கர்ல அம்மன் பாட்டு!

என்னைக் கூட்டிப் போக வந்தவன் என் கிளாஸ்மேட். வீட்டுல ரெண்டு குழித்தறி ஓடுறதால ஹாஸ்டல்ல அவன் பேரே 'தறி'தான். தேவிகாபுரம், ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டுன்னு இந்தச் சுற்றுவட்டாரமே நெய்யுற பூமி. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடே இருக்கு. 'வாடா, மொதல்ல உங்க அப்பா தறியைப் பார்க்கலாம்'னேன். 'தறி எங்கயும் ஓடிடாது மச்சி. பதினோரு மணிக்குக் கிராம சபை இருக்கு. அங்க நான் பேசணும்'னான். எதைப் பத்தின்னு கேட்டேன். 'தேனீ'ன்னான்.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவன் சிரிக்கல.

சந்தவாசல்ல இருந்து ஆட்டோவுல போற தூரத்துல இருக்கு அவன் ஊர். பேர் வேண்டாம். ஊருக்கு நடுவுல மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. அதோட அடிப்பக்கம், சிமென்ட் தளத்துல ஒரு ஆள் உயரத்துக்குக் கறுப்பா ஒரு தீய்ஞ்ச வடு. போன பங்குனி வரைக்கும் அங்க தொங்கினது மலைத்தேனீக் கூடு. அடுக்குத் தேனீ மாதிரி பொந்துக்குள்ள, பெட்டிக்குள்ள இது குடியிருக்காது. ஒத்தை அடைதான் கட்டும், அதையும் வெட்டவெளியில கட்டும். பாறை இடுக்கு, ஆலமரக் கிளை, இப்போ நம்ம தண்ணித் தொட்டி. பல்லாயிரம் தேனீ அந்த அடை மேல போர்வை மாதிரி மூடிக்கிட்டு இருக்கும். குளவி பக்கத்துல வந்தா அத்தனையும் வரிசையா வயித்தைத் தூக்கிக் காட்டும். கிரிக்கெட் ஸ்டேடியத்துல மெக்ஸிகன் வேவ் போடுவோமே, அதே மாதிரி! சிக்னல் ப்ராசஸிங்ல அரியர் வெச்ச எனக்கே அது அழகா இருந்துச்சு (வீடியோவுலதான் பார்த்தேன். நேர்ல பார்க்கக் கூடு எங்கே இருக்கு?).

அழகு வேற, ஆபத்து வேற. மலைத்தேனீ கூட்டமா கொட்டினா உயிரே போகலாம். போன பங்குனியில கொட்டு வாங்கின பசங்கள்ல ஒருத்தன் தறியோட சொந்தத் தம்பி, எட்டாவது படிக்கிறான். ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தான். மறுநாள் ராத்திரியே மண்ணெண்ணெய் நனைச்ச தீப்பந்தத்தை மூங்கில்ல கட்டி, கூட்டையே கொளுத்திட்டாங்க. காலையில தொட்டிக்குக் கீழே குவியல் குவியலா செத்த தேனீ. காக்கா பொறுக்கித் தின்னுச்சாம்.

'எங்க அம்மா இன்னும் எங்கிட்ட சரியா பேசல. உன் கூடப் பொறந்தவனைக் கொட்டின ஈக்கு நீ வக்காலத்து வாங்குறியாடான்னு கேட்குது. என்ன பதில் சொல்றது?' என்கிறான். தம்பிக்காரனைத் தனியா ஓரங்கட்டி விசாரிச்சோம். 'அண்ணா, அம்மாகிட்ட சொல்லாத... நாங்கதான் கல்லு உட்டோம்!' என்றான் மெதுவா. அது அவனுக்கும் எங்களுக்கும் இப்போ உங்களுக்கும் மட்டும் தெரிஞ்ச ரகசியம்.

தறியும் காலேஜ்ல படிக்கிற உள்ளூர்ப் பசங்க நாலஞ்சு பேரும் சேர்ந்து ஒரு மனு எழுதியிருந்தாங்க. கூடவே கையால வரைஞ்ச போஸ்டர். அதுல பெருசா ஐன்ஸ்டீன் படம். தேனீ அழிஞ்சா மனுஷனுக்கு நாலே வருஷம்தான்னு அவர் சொன்னதா ஒரு வாசகம். பாஸ், அவர் அப்படிச் சொன்னதுக்கு ஆதாரமே கிடையாது! 'இதை எடுத்துடு'ன்னேன். 'இதைப் பார்த்தாத்தான் ஜனங்க பயப்படும்'னான். டீக்கடையில பெரிய சண்டையே ஆயிடுச்சு.

தீர்த்து வெச்சது பக்கத்து பெஞ்சுல உட்கார்ந்திருந்த ஒரு விவசாயி. போஸ்டரை நிதானமா படிச்சுட்டு, 'ஏம்பா, நெல்லு காத்துலயே புடிச்சுக்குது. மல்லாட்டைக்கு ஈ வேணுமா இன்னா? வாழை? அது பூ தள்னா தானா காய் ஆகுது. நாங்க போடறது இந்த மூணுதான்' என்றார். மல்லாட்டைன்னா வேர்க்கடலை. அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. வாழைக்குத் தேனீ வேண்டாம், தேனீக்குத்தான் வாழைப் பூவோட தேன் வேணும். படவேட்டு வாழைத்தோப்பு எல்லாம் இலவச மெஸ் மாதிரி!

ஆனா அவர் வீட்டம்மாவை யாரும் கேட்கலையே? கொல்லையில பாகலும் பீர்க்கனும் பூசணியும் படர விட்டிருக்கறது அவங்கதான். இந்தக் கொடிகள்ல ஆண் பூ வேற, பெண் பூ வேற. நடுவுல தூது போக ஆள் இல்லேன்னா பிஞ்சு பழுத்து உதிர்ந்துடும். எள், சூரியகாந்தி, முருங்கைக்கும் தேனீ வந்தா லாபம். கத்தரிப் பூ கதை இன்னும் வேடிக்கை. அதோட மகரந்தம் ஒரு குழாய்க்குள்ள அடைஞ்சு கிடக்கும், பூவைப் பிடிச்சு அதிர வெச்சாத்தான் கொட்டும். அந்த வைப்ரேஷன் டெக்னிக் நம்ம தேனீக்குத் தெரியாது, தச்சு வண்டு மாதிரி காட்டு ஜாதிகளுக்குத்தான் தெரியும். ஐன்ஸ்டீன் போய் அந்த இடத்துல பூசணிக்காய் வந்தது இப்படித்தான்.

மனுவுல இருந்தது மூணே கோரிக்கை. ஒண்ணு, கூட்டுக்கு நெருப்பு வைக்கக் கூடாது. தேன் எடுத்துப் பழகின ஜவ்வாது மலைக்காரங்களையோ, தீயணைப்புத் துறையையோ கூப்பிடணும். ரெண்டு, பூ பூத்திருக்கற வயல்ல பகல்ல மருந்து அடிக்காம, தேனீ கூடு திரும்பின பிறகு சாயங்காலமா அடிக்கச் சொல்லி ஊராட்சி அறிவிக்கணும். மூணு, ஏரிக்கரையில புங்கனும் வேம்பும் இலுப்பையும் நடணும். 'மருந்தையே தடை பண்ணச் சொல்லலையா?'ன்னு கேட்டேன். கிராம சபைக்கு அந்த அதிகாரம் இல்லை, பூச்சிமருந்துச் சட்டம் 1968-ல் போட்ட மத்திய சட்டம்னு பயபுள்ள கடகடன்னு ஒப்பிக்கிறான்! மருந்து டப்பாவுல சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு ஒரு முக்கோணம் இருக்குமே, கவனிச்சிருக்கீங்களா? அது எலியில சோதிச்சுப் பார்த்து, மனுஷனுக்கு எவ்வளவு ஆபத்துன்னு போட்ட கணக்கு. தேனீக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. பச்சைதானேன்னு அடிச்சா, பூவுல உட்கார்ந்திருக்கறதுக்கு அது சிவப்பாவும் இருக்கலாம்.

கேட்கச் சின்ன விஷயமா இருக்கலாம். ஆனா வெளியூர்ல எல்லாம் இது இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கு. அமெரிக்காவுல ஆஷ்வில் நகர சபை 2012-ல் தன்னைத் 'தேனீ நகரம்'னு அறிவிச்சுது. 2015-ல் தெற்கு ஓரிகான் பல்கலைக்கழகம் அந்த நாட்டோட முதல் 'தேனீ வளாகம்' ஆச்சு. ஜெர்மனியில பவேரியா மாநிலத்துல 2019 பிப்ரவரியில, ரெண்டே வாரத்துல 17 லட்சம் பேருக்கு மேல நேர்ல போய்க் கையெழுத்துப் போட்டு, சட்டத்தையே மாத்த வெச்சாங்க. நம்ம ஊர்லயும் இதுக்குப் பாரம்பரியம் இருக்கு. மார்த்தாண்டத்துல 1924-லேயே ஒய்.எம்.சி.ஏ.வோட ஸ்பென்சர் ஹேட்ச் கிராமத்து ஜனங்களுக்குத் தேனீப் பெட்டி வைக்கக் கத்துக் கொடுத்தாரு. 1990-களோட தொடக்கத்துல ஒரு வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவுல பெட்டி பெட்டியா காலி பண்ணிடுச்சு. அதுல இருந்தும் எழுந்திருச்சு வந்தவங்கதான் அவங்க.

கிராம சபைக்கு வருவோம். பள்ளிக்கூட மரத்தடி. பந்தல், பிளாஸ்டிக் சேர். ஊர் ஜனத்தொகைக்கு ஏத்த மாதிரி 50, 100, 200, 300 பேர்னு குறைஞ்சபட்சக் கணக்கு இருக்கு. பாதி ஊர் படவேட்டுல பொங்கல் வெச்சுக்கிட்டு இருக்க, கோரம் தேறுமாங்கறதே பெரிய டென்ஷன். தறி வீடு வீடா ஓடி ஆள் கூட்டி வந்தான். 2019 டிசம்பர்ல ஜெயிச்ச ஊராட்சித் தலைவர்களோட பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிஞ்சிருந்ததால, மேடையில இருந்தது அதிகாரிங்க மட்டும்தான். எனக்குப் பேச உரிமை கிடையாது. அந்த ஊர் வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தாத்தான் கிராம சபை உறுப்பினர். ஹாஸ்டல் மக்களே, உங்க ஊர்ல உங்க பேர் இருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க!

வரவு செலவு, கொசு ஒழிப்பு, தெருவிளக்கு எல்லாம் முடிஞ்சு தறி எழுந்தப்போ மணி ஒண்ணே கால். கை நடுங்குது. மகரந்தச் சேர்க்கைன்னு ஆரம்பிச்சான். 'பசிக்குது, சீக்கிரம் சொல்லு'ன்னு ஒரு குரல். 'நாளைக்கு என் புள்ளையைக் கொட்டினா நீ வந்து பார்ப்பியா?'ன்னு ஒரு அம்மா. அவனோட அப்பாவே பின்வரிசையில இருந்து, 'பூச்சி மேல இரக்கமாம்! கூட்டோட வேக வெச்ச பூச்சி நூல்லதாண்டா நீ காலேஜ் படிக்கிற!'ன்னு சொல்ல, கூட்டமே சிரிச்சுது. அதுக்குத் தறிகிட்ட பதில் இல்லை. இப்போ எழுதறப்போ எங்கிட்டயும் இல்லை. பட்டுப்புழு வளர்க்கறவங்க மட்டும் பக்கத்து வயல்ல மருந்து அடிச்சாப் பதறிப் போயிடுவாங்க. மல்பெரி இலையில லேசா மருந்து பட்டாலும் புழு காலி. இந்தப் பாயின்ட் அப்போ ஞாபகம் வந்திருக்கலாம். வரலையே!

மனு ஊத்திக்கிச்சுன்னே நினைச்சேன். அப்போதான் ஓரமா நின்னுக்கிட்டிருந்த டேங்க் ஆபரேட்டர் அண்ணன் வாயைத் திறந்தார். 'நெருப்பு வெச்ச மறுநாள் மேல ஏறினது நானு. மூடி சரியா இல்ல. உள்ள தண்ணி மேல செத்து மிதக்குது, கரி மிதக்குது, மெழுகு ஒட்டிக்கினு கீது. மொத்தத் தண்ணியும் தொறந்து உட்டேன். ரெண்டு நாள் தெருவுக்குத் தண்ணி வரல, யாரு திட்டு வாங்கினது? அந்தப் புள்ள சொல்றது ஈக்காகவோ எதுக்காகவோ... நெருப்பு வேணாம்.'

ரெண்டு நாள் தண்ணி இல்லாத கதை எல்லாருக்கும் ஞாபகம் வந்துடுச்சு. 'மூடியை மொதல்ல மாத்துங்க சார்!'ன்னு பொம்பளைங்க பக்கம் சத்தம். கடைசியில தீர்மானம் இப்படி எழுதினாங்க: தொட்டிக்குப் புது மூடி, கூடு கட்டினா நெருப்பு வைக்காம தீயணைப்புத் துறைக்குத் தகவல். மருந்து விஷயம் 'விவசாயிகளுக்கு அறிவுறுத்தப்படும்'. மரம் நடுற விஷயம் 'பின்னர் பரிசீலிக்கப்படும்'. பசங்க எதிர்பார்த்ததுல பாதிகூட இல்லை. தறிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். 'தேனீன்னு ஒரு வார்த்தைகூட தீர்மானத்துல வரல பாரு. பூச்சிக்கூடுன்னு எழுதியிருக்காங்க'ன்னு புலம்பினான்.

சாப்பாட்டுக்கு அவன் வீடு. பாவு கட்டின தறிக்குப் பக்கத்துல இலை போட்டாங்க. பொரியல், அட... பூசணிக்காய்! அவன் அம்மா எனக்கு மட்டும் பேசிப் பேசிப் பரிமாறினாங்க. அவனுக்கு ஒண்ணும் பேசல. ஆனா கேட்காமலே ரெண்டாவது தடவை பொரியல் வெச்சாங்க.

கிளம்பறப்போ ஆபரேட்டர் அண்ணன் தொட்டிக்கிட்ட நின்னு, சுத்தம் செஞ்ச தேதியைப் பெயின்ட்ல மாத்தி எழுதிக்கிட்டு இருந்தார். அந்தக் கறுப்பு வடுவைத் தூரிகையால காட்டி, 'ரெண்டு வருசமா அதே எடத்துக்குத்தான் வருது தம்பி. தை பொறந்தா பாரு, மறுபடியும் வரும். தீயணைப்புக்குச் சொல்லுன்னு எழுதிட்டாங்க. நைட்டு பத்து மணிக்கு நான் யாருக்குப் போன் பண்றது, அதையும் கேட்டு எழுதி வாங்கிக் குடு' என்றார். தறி உடனே நோட்டை எடுத்துட்டான்.

சந்தவாசல்ல பஸ் ஏறினப்போ இருட்டிடுச்சு. படவேட்டுக் கூட்டம் திரும்பி வர, மறுபடியும் ஒத்தைக் கால். பட்டுச் சேலை கதையை அடுத்த மாசம் தர்றேன்னு ஆபீஸ்ல சொல்லியிருக்கேன். நம்புவாங்களான்னு தெரியல!