குண்டின் நீளமும் குழலின் முறுக்கும்

கலைப்பிரிவில் பட்டம் பெற்று மதரஸாவில் பாடம் நடத்தும் நான் துப்பாக்கியைப் பற்றி எழுதுவது உங்களுக்கு வியப்பளிக்கலாம். என் நாவு செய்த பிழையே எழுத வைத்தது.

அஸருக்குப் பின் நடக்கும் வகுப்பில் ஒரு மாணவன். அவனுடைய அண்ணன் கல்லூரியில் என்.சி.சி.யில் இருப்பவர். "ஹஜ்ரத், ரைபிள் குழலுக்குள் திருகுப் பள்ளம் எதற்கு?" என்று கேட்டான். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல், சுழன்று செல்லும் குண்டு புரளாமல் செல்லும் என்றேன். அதுவரை சரி. "சில குழல்களில் முறுக்கு அதிகமாமே, ஏன்?" என்றான். "குண்டு கனமானால் சுழற்றுவது கடினம்; அதனால்தான்" என்று தயக்கமின்றிச் சொல்லிவிட்டேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். வீட்டில் அண்ணன், "கனமல்ல, நீளம்" என்று மறுத்தபோது, "ஹஜ்ரத் சொன்னார்" என்று வாதாடி அழுதிருக்கிறான். மறுநாள் அவனுடைய வாப்பா சிரித்துக்கொண்டே இதைக் கூறினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தேடிப் படித்தேன். பறக்கும் குண்டைக் காற்று அழுத்தும் இடம், அதன் எடைமையத்துக்கு முன்னால், மூக்குப் பக்கமாக அமைகிறது. ஆகவே காற்று அதனைப் புரட்டப் பார்க்கிறது. குண்டு நீள நீள இந்தப் புரட்டு வலுக்கும். அடக்கக் கூடுதல் சுழற்சி வேண்டும். ஒரே விட்டமுள்ள ஈயக் குண்டுகளில் எடை கூடினால் நீளமும் கூடும். அதனால் பேச்சுவழக்கில் எடையையே சொல்லிவிடுகிறார்கள். ஈயத்தினும் அடர்த்தி குறைந்த செம்பில் அதே எடைக்குக் குண்டு செய்தாலோ, நீளம் கூடிவிடும். முறுக்கும் கூட வேண்டும்.

1879இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் ஒரு தோராயக் கணக்கு தந்தார். அங்குலத்தில் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, மேலும் 150ஆல் பெருக்கி, நீளத்தால் வகுக்க வேண்டும். வருவது, குண்டு ஒரு சுற்றுச் சுற்ற முறுக்கு எடுத்துக்கொள்ளும் அங்குலம். விட்டம் 0.224, நீளம் முக்கால் அங்குலமெனில் ஏறத்தாழ 10. நீளம் ஓர் அங்குலமானால் ஏழரை. ஈயம் நிறைந்த குண்டுக்கான இக்கணக்கில் எடைக்கு இடமேயில்லை!

என் வாயை முழுதும் அடைத்தது அமெரிக்க எம்-16 ரைபிளின் கதை. தொடக்கத்தில் அதன் குழலில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கடுங்குளிரின் அடர்ந்த காற்றில் குண்டு தடுமாறியதால் 1963இல் அதனை 12 அங்குலமாக்கினார்கள். 1980களில் வந்த எம்-16ஏ2 வகையிலோ 7 அங்குலம். அதன் 62 கிரெயின் சாதாரணக் குண்டுக்கு 9 அங்குலமே போதும். உடன் சுடப்படும், ஒளிக்கோடு விட்டுச் செல்லும் டிரேசர் குண்டுக்காகவே 7 தேவைப்பட்டது. அதன் எடை 64 கிரெயினளவு. நீளம் மட்டும் வெகுவாகக் கூடுதல்.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் என் விடை தவறு என்றேன். அந்த மாணவன் குறிப்பேட்டைத் திறந்து, அந்த வரியை அடிக்காமல் பேனாவுடன் என்னையே பார்த்தான்.

"அண்ணனிடம் நான் என்ன சொல்வது, ஹஜ்ரத்?"

"அவர் சொன்னதே சரியென்று ஹஜ்ரத் சொன்னார் என்று சொல்" என்றேன்.