நான்கு இலக்கங்கள்

தந்தையார் விட்டுச்சென்ற 350 சி.சி. புல்லட்டில், 2023இல் மனைவியுடன் வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டேன். திருச்சி - தஞ்சை நான்குவழிச் சாலையில் வேகம் 80ஐத் தொட்டதும், வண்டியின் பின்புறம் பாம்புபோல் நெளியத் தொடங்கியது. மனைவியின் செபமாலை பாதியில் நின்றது. என் தோளைப் பற்றிய விரல்கள் நடுங்கின. பிரேக்கைத் தொடாமல் மெல்ல வேகத்தைக் குறைத்து நிறுத்தினேன்.

தஞ்சையில் மெக்கானிக் முதலில் கோன்செட்டையும் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷையும் ஆட்டிப் பார்த்தார். குறையில்லை. பின்பு டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார்: 1609. அதாவது, 2009ஆம் ஆண்டின் 16ஆம் வாரத்தில் வார்த்த டயர்! வண்டியை நாள்தோறும் துடைத்துப் பளபளப்பாக்கிய நான், ஒருநாளும் குனிந்து அதைப் படித்ததில்லை.

"பட்டன் நிறைய இருக்கிறதே?" என்றேன்.

"பட்டன் இருக்கு சார், ரப்பர் செத்துப்போச்சு."

நகத்தால் அழுத்தினேன், கல்லாக இருந்தது. ஓரங்களில் மயிரிழை வெடிப்புகள்.

அகலமான டயர் போட்டால் உறுதியாக ஓடும் என்பது என் எண்ணம் (அழகாக இருக்கும் என்ற ஆசையும் உண்டு). அவர் உடன்படவில்லை. குறுகிய ரிம்மில் அகன்ற டயர் பிதுங்கி வடிவிழக்குமாம். பழைய 3.25-19 அளவையே இரு சக்கரங்களுக்கும் மாட்டினார். முன்னதில் மட்டும் நெடுக வரியோடிய டயர். இருவர் அமர்வதால் பின்சக்கரத்தில் காற்றைக் கூட்டினார். கேரியரின் கடைசியில் தொங்கிய பையை முன்னே நகர்த்திக் கட்டச் சொன்னார்.

தஞ்சையைத் தாண்டியதும், சற்றுத் தயங்கியே 80ஐத் தொட்டேன். வண்டி கோடு கிழித்தாற்போல் சென்றது. பின்னாலிருந்து மனைவியின் குரல்: "மூன்றாம் மறைபொருளில்தானே நிறுத்தினோம்?"