ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் நகைக்கடைக்குள் போனால் கல்லாவுக்குப் பின்னால் லட்சுமி படம் இருக்கும். அதன் பக்கத்தில் கண்ணாடிக் குவளையில் இரண்டு மூன்று தண்டு லக்கி பேம்பு நிற்கும். இரண்டு தெரு தள்ளியிருக்கும் சீன மருந்துக்கடையிலும் அதே செடியைச் சிவப்பு நாடா கட்டி வைத்திருப்பார்கள். சீனப் புத்தாண்டு நெருங்கும்போது சந்தைகளில் இது குவிந்து கிடக்கும். மூன்று தண்டு மகிழ்ச்சிக்கும் செல்வத்துக்கும் நீண்ட ஆயுளுக்கும், எட்டு வளத்துக்கு என்று கணக்கு வைத்து வாங்குவார்கள். நான்கு மட்டும் யாரும் கொடுப்பதில்லை. சீனர்களுக்கு அது ஆகாத எண்.

என் வீட்டுக்கு இது வந்ததும் ஒரு புத்தாண்டுக் காலத்தில்தான். ஒரே சுவரின் மறுபக்கம் வாழும் சீன ஆன்ட்டி, மாண்டரின் ஆரஞ்சுகளோடு மூன்று தண்டுகளையும் கையில் கொடுத்தார். தீபாவளிக்கு எங்கள் முறுக்கு அங்கே போகும். அவர்கள் புத்தாண்டுக்கு இது இங்கே வரும். கொடுக்கும்போது மலாயில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொன்னார்: வாரம் தவறாமல், ஞாயிற்றுக்கிழமைதோறும், தண்ணீரை மாற்ற வேண்டும். செடியின் நலனுக்காகச் சொல்கிறார் என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன். அந்தச் சொல்லுக்குள் இந்த ஊரின் நூறு வருட அனுபவம் இருக்கிறது என்பது வளர்க்க வளர்க்கத்தான் எனக்குப் புரிந்தது.

தோற்றத்தில் மூங்கில் போல இருந்தாலும் இது மூங்கில் வகையே அல்ல. டிரசீனா சாண்டெரியானா என்பது இதன் தாவரப் பெயர். ஆர்க்கிட் வணிகத்தில் புகழ்பெற்று இங்கிலாந்தில் வாழ்ந்த ஜெர்மானியர் ஃபிரெடெரிக் சாண்டரின் பெயரால் வைத்தது. நம் ஊர் வேலியோரம் வளரும் மருளுக்கு இது நெருங்கிய உறவு. தண்ணீர்விட்டான் கிழங்கும் இதே குடும்பம்தான். பிறந்த இடம் கேமரூன் பக்கத்து ஆப்பிரிக்கக் காடு. இன்று உலகச் சந்தைக்குப் போவதில் பெரும்பகுதி தென்சீனத்தில் பயிராகிறது. தண்டுகள் சுருள் சுருளாக இருப்பது பிறவிக் குணம் அல்ல. செடி வெளிச்சத்தை நோக்கி வளையும். வளர்ப்பவர்கள் அதை மாதக்கணக்கில் சிறிது சிறிதாகத் திருப்பி வைத்து அந்த வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்த செடி என்பதால் நேர் வெயில் இதற்கு ஆகாது, இலை கருகிவிடும். அதற்காக இருட்டு மூலையில் வைத்தால் வெளுத்து நீண்டு தளரும். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் இதற்கென்றே கட்டியவை போல இருக்கின்றன. வீதிப் பக்கம் ஒடுங்கி உள்ளே நீண்டு போகும் அந்த வீடுகளின் நடுவில், வானம் தெரியும் ஒரு முற்றம் இருக்கும். செட்டிநாட்டு வீடுகளின் வளவைப் பார்த்தவர்களுக்கு அது புதிதாக இருக்காது. முற்றத்துச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நாள் முழுக்க மென்மையாக இருக்கும். என் செடி அந்த முற்றத்துக்கு இரண்டடி உள்ளே, மழைச்சாரல் எட்டாத இடத்தில் நிற்கிறது. வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் அதற்கு எட்டாத உயரத்தில் செடியை வைக்க வேண்டும். இலையைத் தின்றால் பூனைக்கு உடம்பு கெடும்.

கவனம் அதிகம் வேண்டியது தண்ணீரில். இந்தத் தீவின் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து எடுத்து, சுங்கை டுவாவில் சுத்திகரித்து, கடலடிக் குழாய் வழியாக வருவது. கிருமி போக அதில் குளோரின் சேர்க்கிறார்கள். பல்சொத்தையைத் தடுக்க ஃபுளோரைடு சேர்ப்பது 1972 முதல் மலேசிய அரசின் கொள்கை. இரண்டும் மனிதருக்கு நல்லவை. ஆனால் டிரசீனா இனத்துக்கு ஃபுளோரைடு ஒத்துக்கொள்ளாது. இலை நுனி பழுப்பாகிக் காயும். தண்ணீரை ஒரு இரவு பாத்திரத்தில் வைத்தால் குளோரின் பறந்துவிடும். ஃபுளோரைடு போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. அதனால் மழைத் தண்ணீர் கிடைக்கிற நாளில் அதையே ஊற்றுகிறேன். ஜனவரி, பிப்ரவரியில் வானம் காய்ந்திருக்கும்போது குழாய்த் தண்ணீர்தான். எதைப் பிடித்து வைத்தாலும் துணியால் வாய் கட்டித்தான் வைப்பேன்.

வாய் கட்டுவதற்குக் காரணம் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு. சாக்கடையைத் தேடி அது போவதில்லை. வீட்டுக்குள் சுத்தமாகத் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் அதற்குப் பிடித்தது. குவளையில் விரல் உயரத் தண்ணீர் இருந்தால் போதும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். ஆன்ட்டி சொன்ன ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு இங்கேதான் பொருந்துகிறது. ஆனால் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டையைத் தண்ணீருக்குள் இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்ட வைக்கிறது. அந்த முட்டை காய்ந்து மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரியும். ஆகவே குவளையின் உட்சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். கூழாங்கற்களையும் எடுத்து உரசிக் கழுவ வேண்டும்.

டிங்கி இந்த ஊருக்குப் புதிதல்ல. 1902இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஸ்கே என்ற மருத்துவர் டிங்கிக் காய்ச்சல் பற்றி எழுதினார். அவர் கண்டு எழுதிய ஊர் பினாங்கு. இரத்தக்கசிவோடு வரும் கொடிய டிங்கி மலாயாவில் முதலில் அடையாளம் காணப்பட்டதும் இதே பினாங்கில், 1962இல். 1975இல் வந்த நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி, சுகாதார அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து தண்ணீர் நிற்கும் இடங்களைப் பார்க்கலாம். கூத்தாடிப் புழு இருந்தால் அபராதம் போடலாம். பூச்சாடித் தட்டு, சாமி அறைச் செம்பு, லக்கி பேம்பு குவளை எல்லாமே அவர்கள் கண்ணில் படும். படத்தான் வேண்டும்.

இந்தச் செடிக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை உலகம் 2001இல் பார்த்தது. முன்பு தண்டுகளைத் தண்ணீர் இல்லாமல் விமானத்தில் அனுப்பினார்கள். செலவைக் குறைக்கக் கப்பலில், சிறிது தண்ணீரில் நிறுத்தி அனுப்பத் தொடங்கியதும் தென்சீனத்திலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போன பெட்டிகளில் ஏடிஸ் இனத்தைச் சேர்ந்த ஆசியப் புலிக்கொசுவும் சேர்ந்து போனது. அமெரிக்கா உடனே தேங்கிய தண்ணீரோடு இந்தச் செடி வருவதைத் தடுத்தது. 2005இல் நெதர்லாந்தின் கண்ணாடிப் பசுமைக் கூடங்களிலும் அதே கொசு கிடைத்தது. பெருங்கடலைக் கடக்க அந்தக் கொசுவுக்கு நாலு விரல் தண்ணீர் போதுமானதாக இருந்தது. பக்கத்து வீட்டுக்குப் போக அதுகூட வேண்டாம்.

கடைவீடுகளில் சுவர் பொது, கூரை பொது, முற்றங்களும் அடுத்தடுத்து. ஏடிஸ் பிறந்த இடத்திலிருந்து வெகுதூரம் போவதில்லை. பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். என் குவளையில் பிறந்தது கடிக்கப்போவது என் குழந்தையை, அல்லது ஆன்ட்டியின் பேரனை. ஆகவே வீட்டுக்குள் நான் வளர்க்கும் இந்தச் செடி என் சொந்த விஷயம் மட்டும் அல்ல. புகையடிக்க மாநகராண்மைக் கழகம் வரும்; ஆனால் குவளையின் சுவரைத் தேய்க்க வேண்டியது வீட்டுக்காரர்தான்.

மற்ற பராமரிப்பு எளிது. வேர் செம்மஞ்சளாக இருந்தால் பயப்பட வேண்டாம், அதன் ஆரோக்கிய நிறமே அதுதான். உரம் மிகக் குறைவாக, நன்றாகக் கரைத்து, எப்போதாவது போதும். ஒரு தண்டு மஞ்சளாகிக் குழைந்தால் அதைக் காப்பாற்ற முடியாது. மற்ற தண்டுகள் கெடாமல் உடனே எடுத்துவிட வேண்டும். மேல்பாகம் பச்சையாக இருந்தால் கணுவை ஒட்டி வெட்டித் தண்ணீரில் வைத்தால் புது வேர் விடும். வாரவாரம் மாற்ற நேரமில்லாதவர்கள் தொட்டி மண்ணில் நடலாம். நீர் தேங்காத மண்ணில் இது இன்னும் திடமாக வளரும். தட்டில் மட்டும் தண்ணீர் நிற்கவிடக் கூடாது.

இந்தச் செடி அதிர்ஷ்டம் தருமா என்று உறவினர்கள் கேட்பார்கள். தரும் என்றே சொல்வேன். காய்ச்சல் இல்லாமல் ஒரு தெரு முழுக்க ஒரு மழைக்காலத்தைக் கடப்பதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் இந்த ஊரில் எனக்குத் தெரியவில்லை. அதை வீட்டுக்கு வீடு கையால்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. என் செடியிலிருந்து வெட்டிய தண்டுகளை இப்போது நானும் பிறருக்குக் கொடுக்கிறேன். வாங்கிப் போகிறவர்களிடம் நிறுத்திச் சொல்கிறேன்: வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், மாற்றும்போது குவளையைத் தேயுங்கள். இவ்வளவும் சொல்லாமல் இந்தச் செடியை யாரும் யாருக்கும் கொடுக்கக் கூடாது.