ஹேர்பின் வளைவு மட்டும்தானா? பொம்மிடியில் ஆக்‌ஷன் கேமரா பார்க்க வேண்டியவை!

சென்னையிலிருந்து சேலம் போகும் ரயில் மொரப்பூரைத் தாண்டியதும் ஜன்னல் ஓரத்தில் சின்ன பரபரப்பு தொடங்கும். அதுவரை வயலும் கரடுமாக ஓடிக்கொண்டிருந்த காட்சி மாறி, இரண்டு பக்கமும் மலைகள் நெருங்கி வரும். தூங்கி வழிந்தவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்து செல்போனை எடுப்பார். அந்த மலை வாசலில் இருக்கும் ஊர்தான் பொம்மிடி. தருமபுரி மாவட்டம், பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் சேர்வராயன் மலையடிவாரத்து ஊர்.

சென்னையையும் அரபிக்கடலோரம் இருக்கும் பேப்பூரையும் இணைக்க, 1860-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் ரயில்வே போட்ட பாதை இது. 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய சென்னை - கோவை வந்தே பாரத் ரயிலும் இந்த வழியாகத்தான் பறக்கிறது. ஆனால், பொம்மிடியில் நிற்பதில்லை. பலருக்கும் பொம்மிடி என்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துபோகும் மஞ்சள் பலகை, அவ்வளவுதான்.

வார இறுதியில் பைக்கில் வருகிறவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். ஹெல்மெட்டில் கேமரா, கண்ணில் மலைப்பாதை. தருமபுரி பக்கமிருந்து வத்தல்மலைக்கு ஏறினால் 24 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. வளைவுக்கு வளைவு வீடியோ எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். வீடியோவில் ரோடு இருக்கும், ஊர் இருக்காது. உடம்பில் மாட்டிக்கொள்ளும் இந்தக் குட்டி கேமரா உண்மையில் எதற்காக வந்தது என்று தெரிந்தால், அதை வேறு பக்கம் திருப்பத் தோன்றும்.

கைக்கு விடுதலை

2002-ல் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் அலைச்சறுக்கு விளையாடப் போனார் அமெரிக்கரான நிக் வுட்மேன். பலகையில் நிற்பவருக்கு இரண்டு கையும் வேண்டும். கேமராவைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? மணிக்கட்டில் பட்டை போட்டு கேமராவைக் கட்டிக்கொள்ளலாமே என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. அதுதான் கோப்ரோ. 2004-ல் வந்த முதல் மாடல் டிஜிட்டல்கூட இல்லை, ஃபிலிம் ரோல் போடும் கேமரா.

ஆக, இதன் அடிப்படை வேகம் இல்லை. கை வேலையாக இருக்கும்போதும் படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். 2012-ல் வெளியான ‘லெவியதன்’ என்ற ஆவணப்படம் இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்திலிருந்து கிளம்பிய மீன்பிடிக் கப்பலில், மீனவர்களின் உடம்பிலேயே குட்டி கேமராக்களை மாட்டிப் படமாக்கினார்கள். வலையை இழுக்கும் கை என்ன பார்க்கிறதோ, அதையே பார்வையாளரும் பார்த்தார்.

பொம்மிடியில் அப்படி வேலையாக இருக்கும் கைகளுக்கா பஞ்சம்?

கொடிக்காலுக்குள் ஒரு நடை

பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் வெற்றிலை முக்கியமான பயிர். அகத்தி மரங்களைப் பற்றி ஏறும் கொடிகள், ஈரமான தரை, உச்சி வெயிலிலும் குளிர்ச்சியான நிழல். இரண்டு வரிசைக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் அளவுக்குத்தான் இடம் இருக்கும். டிரைபாடெல்லாம் வைக்க முடியாது.

இங்கேதான் நெஞ்சுப் பட்டையில் மாட்டும் கேமரா கைகொடுக்கும். ஏணியில் நின்று, முற்றிய இலையையும் இளசையும் கண்ணாலேயே பிரித்து, காம்போடு கிள்ளி, அடுக்கி, எண்ணிக் கவுளி கட்டுவது வரை எல்லாமே விரல் நுனியில் நடக்கும் வேலை. எதிரே நின்று எடுத்தால் முதுகுதான் தெரியும். கிள்ளுபவரே மாட்டிக்கொண்டால் விரல் தெரியும். அவர் சம்மதித்தால் மட்டும் மாட்டிவிடுங்கள். எடுத்த வீடியோவை முதலில் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். நிழல் அடர்த்தியான இடம் என்பதால் வினாடிக்கு 30 ஃப்ரேம் போதும். அதற்கு மேல் போனால் படம் இருட்டாகலாம்.

பாட்டியின் கண் அளவு

தருமபுரிப் பக்கம் வந்துவிட்டு ராகிக் களி சாப்பிடாமல் போகக் கூடாது. களி கிண்டுவதற்கும் இரண்டு கை வேண்டும். சட்டி அசையாமல் அழுத்திப் பிடிக்க ஒன்று, துடுப்பால் கட்டி விழாமல் கிண்ட இன்னொன்று. மாவு எவ்வளவு என்று கேட்டால், “கண் அளவுதான் சாமி” என்பதே பாட்டிகளின் பதில்.

அந்தக் கண் அளவை எந்தச் சமையல் புத்தகத்திலும் எழுத முடியாது. ஆனால், பாட்டியின் நெஞ்சில் மாட்டிய கேமரா, கொதிக்கும் தண்ணீரில் எத்தனை பிடி விழுந்தது, எப்போது தீயைக் குறைத்தார், துடுப்பு எந்தப் பக்கம் சுழன்றது என எல்லாவற்றையும் பதிந்துவிடும். கேமராவைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். ஆவி படிந்தால் லென்ஸைத் துடைக்க ஒரு பருத்தித் துணி வேண்டும். பட்டையின் நுனி அடுப்புப் பக்கம் தொங்கக் கூடாது.

கிணற்றுக்குள் ஒரு கண்

2016-ல் வந்த ஹீரோ 5 பிளாக் முதல், கோப்ரோவின் முக்கிய மாடல்கள் தனி உறை இல்லாமலே 10 மீட்டர் ஆழம் வரை தண்ணீரைத் தாங்குபவை. தோட்டத்துக் கிணறு இருக்கும் வீட்டுக்கு இது பெரிய வசதி. மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லையா? கேமராவையும் வாட்டர்ப்ரூஃப் டார்ச்சையும் நைலான் கயிற்றில் கட்டி இறக்கினால், ஃபுட்வால்வை இலைச்சருகு அடைத்திருக்கிறதா என்று மேலிருந்தபடியே தெரிந்துகொள்ளலாம். யாரும் கிணற்றில் இறங்க வேண்டியதில்லை. பேட்டரி மூடி இறுக்கமாகப் பூட்டியிருக்கிறதா என்பதை மட்டும் இரண்டு முறை பார்த்துவிடுங்கள்.

மேகம் இறங்கும் மலை

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் முள்ளிக்காட்டில் இருக்கிறது வாணியாறு அணை. சேர்வராயன் மலையில் பெய்யும் மழைநீர் இங்கே வந்து சேர்கிறது. மழைக்காலத்தில் மலைமேல் மேகம் இறங்கி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். டைம்லேப்ஸ் முறையில் 10 வினாடிக்கு ஒரு படம் என வைத்தால், ஒரு மணி நேரத்துக்கு 360 படங்கள். அதை ஓட்டினால் 12 வினாடி வீடியோ. கேமராவை வைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம்.

ரயிலிலும் இது நடக்கும். சேலம் நோக்கிப் போகையில் இடதுபக்க ஜன்னலில் சேர்வராயன் மலை, வலதுபக்கம் வத்தல்மலைத் தொடர். ஏ.சி பெட்டியின் கண்ணாடியில் உட்புறமாக ஒட்டி வைத்தால், பொம்மிடியிலிருந்து லோகூர் வழியாகப் போகும் காட்டுப் பாதை முழுவதும் கிடைக்கும். படிக்கட்டில் தொங்கியோ, தண்டவாளத்தில் இறங்கியோ எடுப்பது ஆபத்து மட்டுமல்ல, ரயில்வே சட்டப்படி குற்றமும்கூட.

ஹெல்மெட்டில் வேண்டாம்

கேமரா வைத்த ஹெல்மெட்டுகளால் விபத்தில் காயம் மோசமாகிறது என்று சொல்லி, 2022-ல் கேரள மோட்டார் வாகனத் துறை அவற்றுக்கு 1,000 ரூபாய் அபராதம் என்று எச்சரித்தது. ஹெல்மெட் என்பது அடியைத் தாங்கிப் பரப்பிவிட வேண்டிய கூடு. அதன்மேல் கெட்டியான பொருள் ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் அடி ஒரே இடத்தில் குவிந்துவிடும். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்த பிரபல யூடியூபரின் ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு ரத்தானதும் நினைவிருக்கலாம். மலைப்பாதையை எடுத்தே ஆக வேண்டும் என்றால், பின்சீட்டில் இருப்பவர் நெஞ்சில் மாட்டிக்கொள்ளட்டும். ஓட்டுபவரின் கவனம் வளைவில் இருக்கட்டும்.

விலை கொடுத்து வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. செல்போனை நெஞ்சில் மாட்டும் பட்டையே இப்போது கிடைக்கிறது.

வேலை தேடி ஓசூர், பெங்களூரு, திருப்பூர் என்று போய்விட்ட பிள்ளைகள் தருமபுரி மாவட்டத்தில் ஊருக்கு ஊர் உண்டு. கொடிக்கால் வேலையும் களி கிண்டும் பக்குவமும் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றவை. பக்கத்தில் நிற்கத்தான் இப்போது ஆள் இல்லை. தொலைவில் இருக்கும் பேரனுக்கு அம்மாயியின் கை தெரிய ஒரு வழி, அவர் நெஞ்சில் தொங்கும் தீப்பெட்டி அளவு கேமரா. அடுத்த முறை பொம்மிடியில் நிற்கும் ரயிலில் வந்தால், இறங்கிப் பாருங்கள். வளைவுகள் எங்கேயும் போகாது. அந்தக் கைகளைத்தான் முதலில் பதிய வேண்டும்.