ஃப்ரீஹோல்டிலிருந்து பண்டத்தரிப்பு

நாங்கள் குடியிருக்கும் மான்மவுத் ஜங்ஷனில் இப்போது பயணிகள் ரயில் எதுவும் நிற்பதில்லை. பெயர் மட்டும் மிச்சம். நியூயார்க் பெருந்தடத்திலிருந்து ஃப்ரீஹோல்டுக்குக் கிளைத்தடம் ஒன்று பிரிந்த இடம் என்பதால் வந்த பெயர். ஃப்ரீஹோல்ட் மான்மவுத் கவுண்டியின் தலைநகர். நாங்கள் இருப்பதோ மிடில்செக்ஸ் கவுண்டி. புதிதாக வீடு வாங்கும் நம்மவர்கள் வரிக் கடிதம் வந்ததும் ஒருமுறை குழம்பிவிட்டுப் பிறகு பழகிக்கொள்வார்கள்.

ஃப்ரீஹோல்டைப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வளர்ந்த ஊர் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். 1793இல் அங்கே பிறந்த ஜான் ஸ்கடரைப் பற்றி அலுவலகத்தில் யாரிடம் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். வேலூர் மருத்துவமனை என்று சொன்னால் நம் ஊர்க்காரர்கள் மட்டும் நிமிர்வார்கள். அதை நிறுவிய ஐடா ஸ்கடரின் தாத்தா இவர்.

சென்ற மாதம் எங்கள் வீட்டில் இந்த மனிதரைப் பற்றி நிறையப் பேச்சு நடந்தது. காரணம் பக்கத்து வீட்டுத் தம்பதி. இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள், ஓய்வுபெற்றவர்கள். மரியா புயல் 2017இல் போர்ட்டோ ரிக்கோவைச் சூறையாடிய பிறகு, ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கள் சபையாருடன் அந்தத் தீவுக்குப் போய்வருகிறார்கள். பகலில் கூரை வேலை, மாலையில் ஜெபம், அந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து சாப்பாடு. இந்த முறை பதினாறு வயதான எங்கள் மகளும் வருகிறேன் என்றாள். பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கிறாள். அந்தத் தம்பதிக்கு ஸ்பானிஷில் வணக்கமும் நன்றியும் தவிர வேறெதுவும் வராது.

என் மனைவிக்கு ஊர் உடுவில். அவளுடைய அம்மம்மா, அமெரிக்க மிஷன் 1824இல் அங்கே தொடங்கிய பெண்கள் பள்ளியில் படித்தவர், கடைசிவரை சைவர். சங்கீதமும் தேவாரமும் ஒரே மூச்சில் சொல்வாராம். ஆகவே எங்கள் வீட்டில் மிஷன் என்பது வரலாற்றுப் பாடமாக இருந்ததில்லை, குடும்ப வழக்கு.

ஸ்கடர் நியூயார்க்கில் நன்றாகத் தொழில் நடந்த வைத்தியர். நோயாளி ஒருவர் வீட்டில் கிடந்த சிறுநூலைப் படித்துவிட்டு, எல்லாவற்றையும் விட்டுக் கிளம்பினார். மனைவி ஹாரியட்டும் கைக்குழந்தையோடு கப்பலேறினார். 1819 ஜூனில் பாஸ்டனிலிருந்து புறப்பட்டார்கள். அதே கப்பலில் வந்தவர்தான், பின்னாளில் நம் அகராதிக்காரராகப் போகிற மைரன் வின்ஸ்லோ. கல்கத்தாவை அடைந்தபோது குழந்தை இறந்தது. புதைத்துவிட்டு, அவர்கள் இலங்கைக்குப் பயணத்தைத் தொடர்ந்தார்கள். இந்த இடத்தை மகளிடம் சொன்னபோது நான் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடப் பார்த்தேன். "அந்த அம்மா ஏன் திரும்பவில்லை?" என்று அவள் நிறுத்தினாள். திரும்புவதற்கும் அதே கடல்தான் என்று சொன்னேன். அது முழுப் பதில் இல்லை.

1820இல் பண்டத்தரிப்பில் குடியேறினார்கள். அந்த ஆண்டே எட்வர்ட் பார்ன்ஸின் நிர்வாகம் இனி அமெரிக்க மிஷனரிகள் வரக்கூடாது என்று கதவை மூடியது. அச்சு வேலைக்காக வந்திறங்கிய ஜேம்ஸ் கேரட்டைத் தங்க விடாமல் அனுப்பிவிட்டார்கள். 1833 வரை அந்தத் தடை. விசா வரிசையில் இளமையைக் கழித்த எவருக்கும் இந்தக் கதைக்கு விளக்கவுரை தேவையில்லை. உள்ளே வந்துவிட்ட ஸ்கடர் மட்டும் கத்தியும் மருந்துமாக, அரைகுறைத் தமிழோடு வேலையைத் தொடங்கினார். 1836இல் சென்னைக்கு மாறினார். ஹாரியட் 1849இல் சென்னையிலேயே இறந்தார். அவர் 1855இல் தென்னாப்பிரிக்காவில். ஃப்ரீஹோல்டிலிருந்து வந்த தடம் எங்கள் ஊரைத் தொட்டது அதற்கும் பிறகுதான்.

இதையெல்லாம் நான் உருக்கமாகச் சொல்லி முடித்ததும் மனைவி கேட்டாள்: "அவையள் தமிழ் படிச்சது எங்களோட கதைக்கவோ, எங்களை மாத்தவோ?"

இரண்டுக்கும்தான். அதில் பூசி மெழுக எதுவும் இல்லை. நோயாளி மருந்துக்காக வந்தார்; மருந்தோடு உபதேசமும் கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிப்போடு, செலவை ஏற்ற அமெரிக்கர்களின் பெயர்களும் வந்து ஒட்டிக்கொண்டன. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான இருவரும், அதாவது சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும், அந்த மிஷனின் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பிறகு சைவராகவே நின்று பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். கொடுத்தவர் நினைத்தது வேறு, வாங்கியவர் செய்தது வேறு. அம்மம்மாவும் அந்தக் கணக்கில்தான் வருவார்.

ஆனால் எனக்கு உறுத்திய கேள்வி வேறு. ஒரு வாரம் எதற்குப் போதும்? பதினாறு ஆண்டு இருந்தவர்கள் மொழியைக் கற்றார்கள், பிள்ளையைப் பறிகொடுத்தார்கள், ஊரின் வாழ்க்கையிலும் கை வைத்தார்கள். ஒரு வாரம் போகிறவர்களுக்கு அந்த இழப்பும் இல்லை, அந்த அதிகாரமும் இல்லை. இதை வேலிக்கு அப்பாலிருந்த பெரியவரிடம் நாசூக்காகக் கேட்டேன். போன வருஷம் தான் போட்ட கூரை ஒழுகியதாம். அந்த வீட்டுக்காரரே ஏறிச் சரிசெய்துவிட்டு, இவருக்கு முறையும் சொல்லிக் கொடுத்தாராம். சிரித்துக்கொண்டே சொன்னார். அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

மாலை ஜெபத்தில் உட்காருவதா வேண்டாமா என்பது மகள் இஷ்டம் என்று அந்த அம்மா வாக்குக் கொடுத்தார். உடுவிலுக்கு போன் போட்டோம். மாமியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்க தண்ணி நல்லதோ?" என்றார்.

பிப்ரவரியில் கிளம்புகிறாள். சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் பக்கத்து வீட்டு கராஜில் ஆணி அடிக்கப் பழகுகிறாள். நேற்று வந்து, கூரைக்குப் போடும் அந்த நெளிநெளியான தகட்டுக்குத் தமிழில் என்ன என்று கேட்டாள். தகரம் என்றேன். மனைவி உள்ளிருந்தபடியே, "சீற்" என்றாள். இரண்டையும் எழுதிக்கொண்டு, ஸ்பானிஷில் என்னவென்று தேடப் போனாள்.