ஆயிடுச்சு, பண்ணாங்க, பண்ணிக்கிட்டேன்

எங்கேஜ் என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்குள் 'காஜ்' என்று ஒரு சொல் இருக்கிறது. அடகு வைத்த பொருள் என்று அர்த்தம். மார்ட்கேஜில் இருப்பதும் அதேதான். மோதிரம் மாற்றுவதற்கும் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதற்கும் ஒரே வேர்.

காரைக்காலுக்கு இந்தச் சொல்லோடு பழைய உறவு உண்டு. 1848-ல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் என்று கப்பல்கள் கிளம்பின. 1861-ல் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்ட பிறகு தஞ்சாவூர் மாதிரி பக்கத்துச் சீமை ஆட்களையும் ஏற்ற முடிந்தது. 5 வருஷக் கெடு. போனவர்களுக்குக் காகிதத்தில் பெயர், 'ஆங்காஜே'. அதாவது ஒப்பந்தம் செய்யப்பட்டவர். செய்தது யார் என்பது அந்த வடிவத்தில் தெரியாது.

அதே வினைக்கு முன்னால் ஒரு சின்ன ஒலி சேர்ந்தால் 'ஸாங்காஜே'. பட்டாளத்தில் சேர்வதற்கு அதுதான் சொல். தன்னைத் தானே அடகு வைப்பது. எங்க பக்கம் சொல்தா வீடு என்று இன்னும் சில வீடுகளைக் காட்டுவார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் வீடு. கப்பலேறிய கூலியும் பட்டாளத்துக்காரரும் ஒரே வினைதான். ஒருவர் செய்யப்பட்டவர், மற்றவர் தானே செய்துகொண்டவர். வறுமை துரத்தி 'தானே' சேர்ந்தவரை எந்தப் பக்கம் வைப்பது என்று இலக்கணம் சொல்லாது.

ஆங்கிலத்தில் 'ஐ ஆம் எங்கேஜ்டு' என்றால் இரண்டும் கலந்து மங்கிவிடும். போன் லைனும் அப்படித்தான் எங்கேஜ்டாக இருக்கிறது.

தமிழ் இதில் கறார். 'எனக்கு நிச்சயம் ஆயிடுச்சு' என்றால் மழை பெய்த மாதிரி, அதுவாக நடந்தது. 'நிச்சயம் பண்ணாங்க' என்றால் பெரியவர்கள். 'நிச்சயம் பண்ணிக்கிட்டேன்' என்றால்தான் நான். அந்த 'கிட்டேன்' வேறொன்றுமில்லை, 'கொள்' என்ற துணைவினை பேச்சில் தேய்ந்தது. எங்கம்மா தன் கல்யாணத்தைப் பற்றிப் பேசும்போது முதல் இரண்டு வடிவங்களில்தான் பேசுவார். மூன்றாவதை நான் கேட்டதே இல்லை.

போன மாதம் எனக்கு ஒரு இடம் வந்தது. ஜாதகம் பொருந்தியது, தையில் தேதி குறிக்கலாம் என்றார்கள். மாப்பிள்ளைக்குத் திருச்சியில் வேலை, எனக்குச் சென்னையில்.

"அப்பா, தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி நான் அவர்கிட்ட தனியா பேசணும்."

"பேசி என்னம்மா ஆகப்போகுது?"

"ஆகப்போறது இல்லப்பா. நான் பண்ணிக்கப்போறது."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நம்பரை எடுத்துக் கொடுத்தார்.

கடற்கரையில் அரசலாறு சேரும் முகத்துவாரம் வரை நடந்தோம். வேலையை விடமாட்டேன் என்பதை முதலிலேயே சொன்னேன். அவர் "சரி" என்றார். 'சரி'க்கு எழுவாயும் கிடையாது, காலமும் கிடையாது.

"சரின்னா? நீங்க சென்னைக்கு வருவீங்களா, இல்ல நான் விடுற வரைக்கும் காத்திருப்பீங்களா?"

யோசித்துச் சொல்ல ஒரு வாரம் கேட்டிருக்கிறார். காத்திருக்கிறேன். அந்த ஒரு வாரமாவது அவருடைய முடிவாக இருக்கட்டும்.