மலைக்கு ஒரு நேரம், கடலுக்கு ஒரு நேரம்

வெளிநாட்டில் படிக்கும் அண்ணன் மகள், ஏப்ரல் பிறந்தால் போதும், படம் அனுப்பிவிடுவாள். பனி உருகிய ஏரி, அதில் பாய்மரப் படகு, கரையோரம் மஞ்சள் பூ. ‘இங்கே வசந்தம் வந்துடுச்சு சித்தப்பா, அங்கே?’ கோலாலம்பூர் பங்சாரில் பன்னிரண்டாம் மாடிச் சன்னலை எட்டிப் பார்ப்பேன். பஞ்சாங்கப்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில்தான். ஆனால் மாலை நான்கு மணிக்கே கார்கள் விளக்குப் போட்டுக்கொண்டு போகும். ‘இங்கே இடி’ என்று பதில் போடுவேன்.

வடகிழக்குப் பருவக்காற்று மார்ச்சில் ஓய்கிறது. தென்மேற்கு வர மே கடைசியாகும். நடுவில் மேகத்தைத் தள்ளிக்கொண்டு போகக் காற்று இல்லை. மார்ச் முடிகிற சமயத்தில் சூரியன் கோலாலம்பூருக்கு நேர் உச்சியில் நிற்கும். தரை கொதிக்கும். மலாக்கா நீரிணையிலிருந்து வரும் கடற்காற்று ஈரத்தை அள்ளிக் கொண்டுவரும். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் அதை மறித்து மேலே ஏற்றும். எழும்பின இடத்திலேயே மேகம் கொட்டித் தீர்க்கும். சுபாங் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 நாள் இடி கேட்கும் என்பது கணக்கு. நம் தமிழ் வானொலிக்கு ‘மின்னல்’ என்று பெயர் வைத்தவர், பக்கத்தில் வானொலி நிலையம் இருக்கும் அங்காசாபுரியின் சன்னலோரத்தில் உட்கார்ந்துதான் யோசித்திருக்க வேண்டும்.

சனி ஞாயிறுக்கு வானிலைத் துறையின் செயலியைத் திறந்தால் ஒரே பாட்டு: காலை மழையில்லை, மாலை இடிமழை, இரவு மழையில்லை. இதைச் சொல்ல ஒரு துறை வேண்டுமா என்று நானும் கேலி பேசியவன்தான், புக்கிட் காசிங்கில் மாட்டிக்கொள்ளும்வரை.

அன்று சனிக்கிழமை. தோசையும் தே தாரேக்குமாகப் பசியாறி, அரட்டை முடித்து, காட்டுக்குள் நுழையும்போதே மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. தொங்கு பாலத்துக்கு அருகே அதுவரை காதைத் துளைத்த சில்வண்டுச் சத்தம் சட்டென நின்றது. இலைகள் திரும்பி வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்டின. “அண்ணே, திரும்பிடலாம்” என்றான் கூட வந்த பையன். “மேகம் அந்தப் பக்கம்தான் போவுது லா” என்றேன். இந்தக் காற்றில்லாப் பருவத்தில் மேகம் எந்தப் பக்கமும் போகாது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எதிரே ஒரு சீன அம்மா, மடக்கிய குடையை ஊன்றுகோலாக்கி, ஏறக்குறைய ஓட்டமாக இறங்கி வந்தார். “இந்நேரத்திலா ஏறுகிறீர்கள்?” என்று மலாயில் கேட்டுவிட்டு நிற்காமல் போனார்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். நான் ஒன்று எண்ணி முடிப்பதற்குள் இடித்துவிட்டது. அப்போதுதான் என் கை பாலத்தின் இரும்புக் கம்பியைப் பிடித்திருப்பதைப் பார்த்தேன். இறங்கும் வழியெல்லாம் செம்மண் சோப்பாகிவிட, பாதித் தூரம் உட்கார்ந்தே வந்தேன்.

கடிகாரத்தின் சதியும் இதில் உண்டு. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். இப்போது நமக்கு உச்சிவேளை பன்னிரண்டு மணி அல்ல, ஒன்றேகால். விடிவதே ஏழுக்கு மேல்தான். 1493 மீட்டர் உயரமுள்ள நுவாங் மலைக்குப் போகிறவர்கள் பாங்சூனில் டார்ச் வெளிச்சத்தில் ஏறத் தொடங்குவது வீராப்புக்காக அல்ல. இடி இறங்கும் நேரத்தில் அவர்கள் ஆற்றைக் கடந்து கீழே வந்திருக்க வேண்டும். உச்சியில் பெய்த மழை, அடிவாரத்தில் வெயிலடிக்கும்போதே சுவர்போல் ஆற்றில் இறங்கும். மலாயில் அதற்குப் பெயர் ‘கெப்பாலா ஆயேர்’, நீரின் தலை. மலைக்குப் போகாதவரையும் இந்தக் காலம் சும்மா விடுவதில்லை. 2024 மே 7 அன்று மதியம் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் வாகனங்கள்மீது ஒரு பெரிய மரம் சாய்ந்து ஒருவர் இறந்தார்.

கற்ற பாடத்தைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பெருமையாகச் சொன்னேன்: எங்கே போனாலும் காலையில் போய்விட வேண்டும். கிள்ளான் துறைமுகத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர், தூண்டில் பைத்தியம். சிரித்துவிட்டார். “அது மலைக்கு, தம்பி. கடலுக்கு அந்தக் கணக்கு செல்லாது.”

கடலில் ஆபத்தே விடியற்காலையில்தானாம். இரவில் நீரிணையின் மேல் திரளும் இடிமேகங்கள் வரிசை கட்டிக் கிழக்கே நகர்ந்து, பொழுது விடிவதற்குள் நம் கரையை அடிக்கும். அதுதான் சுமத்ரா காற்று. “அஞ்சரைக்குப் படித்துறையில நிப்போம். மேற்கே நட்சத்திரம் அடியிலிருந்து ஒவ்வொண்ணா அணையும். அப்புறம் ஐஸ்பெட்டிக் கதவைத் திறந்தமாதிரி ஒரு குளிர். படகு ஓட்டுற தெக்கோங் ஒரு வார்த்தை பேசமாட்டான். அவுத்த கயித்தை மறுபடி கட்டிட்டு ஒட்டுக்கடைக்கு நடப்பான். நாங்களும் பின்னாலயே போய் டீ குடிப்போம்.” ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடுமாம். ஒன்பது மணிக்குக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். காலையில் சுமத்ரா அடித்த நாளில் தரை சூடேறாமல் போவதால் மாலை இடி பெரும்பாலும் சோம்பிவிடும் என்றும் சொன்னார்.

புதன்கிழமையே சனிக்கிழமையைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறோம். வானிலைத் துறை விடுகிற இடிமழை எச்சரிக்கையோ, மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை வரும் அறிகுறி தெரிந்த பிறகுதான் வரும். ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லாது. இந்த வட்டாரத்து வானத்தை நம்பி அதற்குமேல் வாக்குக் கொடுக்க முடியாது.

இந்த ஆண்டு அண்ணன் மகளே விடுமுறைக்கு வந்துவிட்டாள். ஒரே சனிக்கிழமையில் மலையும் வேண்டும், படகும் வேண்டும் என்றாள். இருட்டோடு காசிங்கில் ஏறி, பத்து மணிக்குள் இறங்கி, சாப்பிட்டுவிட்டுக் கிள்ளான் துறைமுகத்தில் கேத்தாம் தீவுப் படகைப் பிடித்தோம். மதியத்துக்குமேல் கடற்காற்று மேகத்தையெல்லாம் உள்நாட்டுக்கு ஓட்டிவிடும், கரை வெளுத்துவிடும் என்று பெரியவர் சொல்லிக் கொடுத்திருந்தார். அப்படியே நடந்தது. நான்கு மணிக்குத் தீவின் படித்துறையில் நல்ல வெயில். நண்டுக் கூடைகள் காய்ந்துகொண்டிருந்தன. கிழக்கே, கோலாலம்பூர் இருக்கும் திசையில், ஒரு கரிய கோபுரம் எழும்பி நின்றது. உள்ளே மின்னல் சத்தமில்லாமல் விட்டுவிட்டு எரிந்தது. அவள் அதைப் படம் பிடித்தாள்.

“அது எந்த ஊர், சித்தப்பா?”

“நம்ம வீடுதான்.”

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவள், “பால்கனியில துணி காயப்போட்டுட்டு வந்தோமே” என்றாள்.